நீலச் சாக்கட்டியில் இழுத்த எல்லை

அறுபத்தேழு ஜூன். அதியமான்கோட்டைத் தையல்கடையின் வெட்டு மேசைமேல் நீலச் சாக்கட்டியால் இழுத்த ஒரு கோடு. அதைப் பார்த்த நிமிஷம்தான் அந்த எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது: இவனை ஒருநாள் தோற்கடிக்க வேண்டும்.

கோடு இழுத்தவன் கட்டிங் மாஸ்டர். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. இண்டூரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. வரை என்னோடு ஒரே பெஞ்சு. நானோ சேலத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, இஸ்ரேல் யுத்தத்தைப் பற்றி வாசகசாலைக்கு வந்த பத்திரிகை அத்தனையையும் கரைத்துக் குடித்துவிட்டு, யாராவது கேட்க மாட்டார்களா என்று தவித்துக்கொண்டிருந்தேன். கேட்கிறவர்கள் எல்லாம் அவன் கடையில் நின்றார்கள். தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிற ஒருவர், "மாஸ்டர், சண்ட எந்தப் பக்கமுங்க நடக்குது?" என்று கேட்க, அவன் மேசைமேலேயே ஒரு நாட்டை வரைந்துவிட்டான். "இதாங்க யூதங்க நாடு. இடுப்பப் பாருங்க, ரெண்டு விரல்கூட இல்ல. இந்தப் பக்கம் கடலு, அந்தப் பக்கம் பகை. அவன் எப்படிங்க நிம்மதியாத் தூங்குவான்?" லாரிக்காரர் உச்சுக்கொட்டினார். இதையேதான் முந்தின நாள் டீக்கடையில் நான் அவருக்கு அரைமணி நேரம் விளக்கியிருந்தேன். பாதியில் எழுந்து போன மனுஷர்! "வாங்க பி.ஏ. சார், தப்பிருந்தாத் திருத்துங்க" என்றான் என்னைப் பார்த்து. தப்பே இல்லை. அதுதான் எரிந்தது.

அந்த வருஷம் வாசகசாலை ஆண்டு விழாவில் பட்டிமன்றம். யூத நாட்டுக்கு நிலையான காவல் எது, படையா, அண்டை நாடுகளோடு சமாதானமா? சீட்டுக் குலுக்கியதில் எனக்குப் படை, அவனுக்குச் சமாதானம். ஐரோப்பாவில் லட்சோப லட்சமாகக் கொல்லப்பட்ட ஜனம் அடுத்தவன் வாக்கை நம்பி இனி ஒருநாளும் வாழாது, சொந்த நாடும் சொந்தப் படையும்தான் அதற்கு உயிர் என்று பேசினேன். இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். பிறகு அவன் எழுந்தான். கழுத்தில் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பி.ஏ. சார் சொன்னது நெசம். அவங்களுக்குன்னு ஒரு வூடு வேணும். வூடு போன அரபு ஜனத்துக்கும் ஒண்ணு வேணும். காவலுக்குப் படை வேணாங்கல. ஆனாப் பாருங்க, நாங்க துணிய வெட்டறப்போ கோட்டு மேலயே வெட்ட மாட்டோம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவோம். விடாமத் தெச்சாக்கா, ஒருக்கா குனிஞ்சாப் போதும், மானம் போயிரும்."

கொட்டகையே சிரித்தது. லாரிக்காரர் விசிலடித்தார். முடிவுரைக்கு எழுந்த நான் சொன்னேன்: "மாஸ்டர் யாருக்காகப் பேசறாருன்னு நான் சொல்லணுங்களா? அவர் எந்தத் திசையப் பாத்துத் தொழுவறாருன்னு உங்களுக்கே தெரியும்." முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள். தீர்ப்பு என் பக்கம் வந்தது.

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தான். "எங்கப்பா பொறந்தது இண்டூரு. தாத்தா பொறந்தது இண்டூரு. என்னைய எந்த ஊருக்குடா அனுப்பி வெச்ச?" என் கையில் பரிசுக் கோப்பை இருந்தது.

பட்டிமன்றத்துக்கு முந்தின நாள்தான் பேன்ட் துணி ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தேன். விழா முடிந்துதான் வெட்டுவேன் என்றிருந்தான். ஒரு வாரத்தில் அது தைத்து, மடித்து, லாரிக்காரர் மூலம் என்னிடம் வந்து சேர்ந்தது. போட மனசு வரவில்லை. பெட்டிக்கு அடியில் வைத்தேன். தர்மபுரியில் வேலை கிடைத்துக் குடிபோனது வசதியாயிற்று. எழுபத்துமூன்றில் இஸ்ரேலில் மறுபடி யுத்தம் மூண்டபோது, அவன் மேசையைச் சுற்றிக் கூட்டம் நிற்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். என்ன வரைந்திருப்பான் என்று தெரியாமலே வயிறு எரிந்தது.

இப்போது எழுபத்தேழு நவம்பர். போன வாரம் ரேடியோவில் சொன்னார்கள், எகிப்து அதிபர் தாமே ஜெருசலேமுக்குப் போகிறாராம். சந்தோஷம் வரவில்லை, அவர்மேலும் பொறாமைதான் வந்தது. நாலு யுத்தம் போட்ட நாட்டின் தலைவர் எதிரியின் வாசலுக்கே போகிறார். எனக்கு மாஸ்டர் கடை நாலு மைல்; பத்து வருஷமாகப் போகவில்லை. அந்தச் சமாதானம் நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. வீடு போன ஜனத்துக்கு அதில் இடம் இருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் ஒருத்தர் கிளம்பிவிட்டார்.

நேற்று பெட்டியைக் குடைந்து அந்த பேன்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்புப் பொத்தான் எட்டவே இல்லை. கழற்றி உள்பக்கம் திருப்பினேன். தையலுக்கு உள்ளே, பிரித்துப் பெரிசாக்க, முழுசாக இரண்டு விரல் துணி விட்டிருக்கிறான், என் பேச்சைக் கேட்ட பிறகு வெட்டிய துணியில். தண்ணீர் படாததால் நீலச் சாக்கட்டிக் கோடு அப்படியே இருந்தது.

செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக் காலை பஸ் பிடிக்க வேண்டும். கடையில் கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கூட்டத்துக்கு முன்னால் சொன்னதைக் கூட்டத்துக்கு முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் அவன் என்னைக் கடைக்குள் நிற்க விட்டால், இடுப்பை அளக்கச் சொல்வேன்.