பிறகு பார்த்துக்கொள்ளலாம்

சித்தப்பா பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷம் கழித்து அவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் எழுதினால் யுத்தகாலத் தணிக்கையில் கிடந்து தாமதமாகும் என்று முகாமில் யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்தவள் என்றால், திருத்தணிப் பள்ளிக்கூடத்தில் ஃபர்ஸ்ட் ஃபாரம் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைத்தால் முடிந்தது என்பது அப்போது என் எண்ணம். நைனாவும் அப்படித்தான் நம்பினார்.

அந்த வருஷம் மழையில்லை. கிணறு சேறாகிக் கிடந்தது. இரண்டு வேளையும் களிதான். சித்தியை மணவூரில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று அம்மாவும் நைனாவும் தாழ்ந்த குரலில் பேசுவது என் காதில் விழுந்திருக்கிறது. சித்தியின் காதிலும் விழுந்திருக்கும். அவளுக்குக் கல்யாணமாகி நான்கே மாதத்தில் சித்தப்பா கிளம்பிப் போயிருந்தார்.

நடுக்கூடத்தில் நின்று கடிதத்தைப் படித்தேன். நலம் விசாரித்த வரிகள் சுலபமாகவே இருந்தன. கடைசி வரியில்தான் சற்று நின்றேன். 'லுக் ஆஃப்டர் மை ஒய்ஃப் டில் ஐ கம் பேக்.' லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பிறகு. ஒய்ஃப் மனைவி. திரும்பி வருவதும் தெரிந்தது. எல்லாச் சொற்களும் தெரிந்தவையாக இருந்ததில் எனக்குப் பெருமை.

"என் சம்சாரத்த பிறகு பார்த்துக்கலாம், நான் திரும்பி வரட்டும்னு எழுதிகிறாரு" என்றேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த சித்தி, "வேற ஒண்ணும் எழுதலியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் நைனா அவளை மணவூருக்கு அழைத்துப் போனார். அரக்கோணத்தில் வண்டி மாறிப் போகிற அந்தப் பயணத்துக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்து அழுதது நினைவிருக்கிறது. சித்தி தன் மரப்பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. சீக்கிரம் வந்துவிடுவோம் என்று எண்ணியிருப்பாள்.

இரண்டு மாதம் கழித்து வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் 'லுக்' என்று எழுதினார். அதன் பக்கத்தில் ஒவ்வொரு சின்னச் சொல்லாகச் சேர்த்து, ஒவ்வொன்றும் பொருளை எங்கே கொண்டுபோகிறது என்று காட்டினார். 'லுக் ஃபார்' என்றால் தேடு. 'லுக் இன்டு' என்றால் விசாரி. அப்புறம் 'லுக் ஆஃப்டர்' என்று எழுதி, பிறகு என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். வகுப்பில் பாதிப் பேர் தெலுங்குப் பிள்ளைகள் என்பதால் அவர்களுக்கு 'சூசுகோ' என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்ம பாஷையிலயும் அப்படித்தான். பார்ங்கறது வேற, பார்த்துக்கோங்கறது வேற. ஒரு புள்ளயப் பார்த்துக்கோன்னா, பத்திரமா வச்சிக்கோன்னு அர்த்தம்."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பள்ளி விட்டதும் நேரே கொல்லைக்கு ஓடினேன். நைனா தூர்வாரிய கிணற்றின் மேட்டில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா சித்தியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றேன்.

அவர் வெகுநேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"சரி, போனது போவட்டும். இத யாராண்டயும் சொல்லாத, அம்மாவாண்ட கூட" என்றார்.

நான் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து சித்தப்பா ஒரு காலை வந்து நின்றார். இளைத்துக் கறுத்திருந்தார். தண்ணீர் கொடுத்த அம்மாவிடம் அவர் முதலில் கேட்டது சித்தியைத்தான். மணவூரில் இருக்கிறாள் என்றதும் செம்பைக் கீழே வைத்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் என்று அம்மா சொன்னாள். அங்கே அவள் ஊரார் நிலத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

"நான் எழுதினது வந்துதா இல்லியா, அண்ணா?" என்றார் சித்தப்பா.

"வந்துது" என்றார் நைனா. "கொழந்த படிச்சுது. தப்பா படிச்சிட்டுது. அதுக்கு இன்னா தெரியும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என் தலையில் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார். சித்தியின் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். இருவரும் அரக்கோணத்தில் குடியேறினார்கள். சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர்கள் வரவில்லை.

குற்றத்தை என் மேல் போட்டபோதும் நைனா என்னைக் குழந்தை என்று சொன்னாரே, அந்தக் குரலில் எவ்வளவு கனிவு என்று நான் உருகிப்போனேன். கிணற்று மேட்டில் என் தவறை மறைத்து என்னைக் காப்பாற்றியவர் என்று வெகுகாலம் அவருக்கு நன்றியோடு இருந்தேன். நான் உண்மையைச் சொன்ன அன்று மாலையே மணவூருக்குப் போய் அவர் சித்தியை அழைத்து வந்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.