தம்பியின் லென்ஸில் எனக்கு ஒரு முடிச்சு

எனக்கு எழுபத்தொன்பது வயது ஆகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேர் நான் பெற்றவர்கள். மீதி ஒருவர் என் தம்பி. கணக்கில் கடைசியாகச் சொன்னாலும் முதலில் வளர்த்தது அவரைத்தான். அந்தத் தம்பிக்கு இன்று பதினாறாம் நாள் என்கிறார்கள். நாள் எண்ணுகிறவர்கள் எண்ணட்டும். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இன்னும் முடியவில்லை.

தோட்டத்துப் பள்ளியில் தாமதமாகச் சேர்ந்தேன், மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. என் பெயரை எழுதுவேன், பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி யாழினி எழுதுகிறாள். உயிரோடு இருந்தவரை தம்பியை வாடா போடா என்றுதான் கூப்பிட்டேன். நினைவு மலரில் அப்படிப் போடக்கூடாதாம், 'அவர்' என்று போடுகிறாள். போடட்டும். அறுபத்தெட்டு வயது மனிதர்தானே.

தம்பி பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில். அவர் பிறந்த ஒன்பதாம் நாள் அம்மா தவறிவிட்டார். அப்பா தேயிலை ஃபேக்டரியில் இருந்தார், இராத்திரி பகல் என்று இல்லாமல் வேலை. எனக்குப் பதினொரு வயது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டால் தம்பி நீலம் பாரித்துப் போகிற வரைக்கும் அழுவார். அதனால் பள்ளிக்கூடம் போகாமல் நானே வைத்துக்கொண்டேன். கொழுந்தெடுக்கப் போனபோதும் முதுகில் துணியால் கட்டிக்கொண்டுதான் போனேன். பின்னால் ஒரு பிள்ளை, அதற்கும் பின்னால் கூடை. வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஏசினார். "ரெண்டையும் நிறுக்கும்போது பிள்ளையைக் கழிச்சுக்கோங்க" என்றேன். அதன்பிறகு அவர் ஏசவில்லை.

நான் படிக்காததை தம்பி படித்தார். ஆறாம் வகுப்பு முடித்து, தானா ராத்தா டவுனில் மேல்படிப்பும் கொஞ்சம் படித்து, அப்பா இருந்த ஃபேக்டரியிலேயே மிஷின் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். கொழுந்து உருட்டும் மிஷினில் கோளாறு என்றால் விளக்கைத் தேடமாட்டார். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வந்த மேனேஜர் துரை ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, இவருக்கு விரல் நுனியில் கண் இருக்கிறது என்று ஆபீஸ் கிராணியிடம் சொன்னாராம். அதை நான் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். என் தம்பிக்கு ஒரு குறையும் கிடையாது என்று நான் சொல்லாத நாள் இல்லை. அது பெருமை என்று அப்போது தெரிந்தது. அது அவர் தலையில் எவ்வளவு பாரமாக இருந்தது என்பது இந்தப் பதினாறு நாளில்தான் தெரிந்தது.

தம்பி மனைவி சீக்கிரம் போய்விட்டார். ஒரே மகள் மாலதி அப்போது ஐந்தாம் வகுப்பு. மறுமணத்துக்கு நானே இரண்டு இடம் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மகளுக்குத் தலைபின்னக் கற்றுக்கொண்டார். குடிக்கமாட்டார். யார் வீட்டு விசிறி, கரண்ட் சோற்றுப் பானை கெட்டாலும் கூப்பிட்ட குரலுக்குப் போவார். மாலதி இன்று பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறாள். இருவரும் தானா ராத்தாவில் வீடு எடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

ஓய்வு பெற்றபோது மாலதி அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுத்தாள். கேமரா பிடித்தது. அதோடு வந்த லென்ஸ் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பழைய சாமான் பரப்பி வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம், நான் கல்யாணம் கட்டிய காலத்து லென்ஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார். முழுக்க இரும்பும் கண்ணாடியும், அம்மிக்குழவிக் கனம். நடுவில் ஒரு இணைப்பு வளையம் போட்டு அதைப் புதுக் கேமராவில் திருகி மாட்டினார். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. இந்த மலை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று அவற்றைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருப்பார். அரிசி அளக்கப் போன மாலதியின் கையில் லென்ஸ் வருமாம்.

அவர் சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். என்னிடம் கொண்டுவந்து லென்ஸின் மேல் இருக்கும் வளையத்தைத் திருப்பச் சொல்வார். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகும். "மிஷின் செஞ்ச மாதிரி செஞ்சிருக்கான்க்கா" என்பார். புது லென்ஸ் தெளிவைத் தானே தேடி எதையாவது பிடித்துக்கொள்கிறதாம், அதன் வளையமும் முடிவே இல்லாமல் சுற்றுமாம். பழையது அப்படி இல்லை. ஒரு பக்கம் கடைசிவரை திருப்பினால் டக்கென்று நின்றுவிடும். நிற்கிற இடம் தூரத்து மலை. அங்கிருந்து கொஞ்சம் திரும்பினால் கோயில், இன்னும் கொஞ்சம் திரும்பினால் ஆள் முகம். அதைத் தொட்டுத்தான் படிக்கவேண்டும் என்று சொன்னார். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியில் பத்துப் படம் எடுத்துவிட்டு வேன் ஏறும்வரை இவர் ஒரு கொழுந்தின் முன்னால் உட்கார்ந்து வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். "என்னடா, அது வளர்ந்துரும் போல" என்று நான் கேலி செய்வேன்.

நல்லது எல்லாம் சொல்லிவிட்டேன். இனிச் சொல்லப்போவதை என் மகன்கள் மலரில் போட வேண்டாம் என்றார்கள். பெரியவன் இரண்டு முறை வந்து சொன்னான். "நினைவு மலர்ல நல்லதை மட்டும் போடுவோம்மா, இதெல்லாம் நம்ம வீட்டோட இருக்கட்டும்." வீட்டோடு இருக்க முடியாது. ஏனென்றால் நான் தம்பியைப் பற்றிக் கெட்டதை வீட்டோடு சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் என் மூன்றாவது மகளின் மாமியார், ஈப்போ சம்பந்தி அம்மாள், எங்களைப் பார்க்க வந்திருந்தார். திரும்ப பஸ் ஏற்றிவிட தானா ராத்தா பஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எதிர்ச்சாரியில் தம்பி நடந்து வந்தார். நான் சம்பந்தியிடம், அதோ என் தம்பி, நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். பத்து அடிகூட இருக்காது. தம்பி என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சம்பந்தி அம்மாள் பையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "உங்க தம்பி பெரிய ஆளாயிட்டாரு போல லா."

என் வயதில் நான் அப்படிக் குன்றியதில்லை. அன்றிலிருந்து தம்பிக்குக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்தார், தூங்குகிறேன் என்று பேத்தியைச் சொல்லச் சொன்னேன். கோயில் பூசையில், தாப்பா கல்யாணத்தில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன், வளர்த்த கையை மதிக்காதவன், டவுன் வீடு வந்ததும் லயத்துக்காரி கண்ணுக்குத் தெரியவில்லை என்று. இந்த மலர் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் உங்களிடமும் சொல்லியிருப்பேன்.

அவர் வருவதை நிறுத்தவில்லை. மாலதி வேலைக்குப் போகிற வழியில் தோட்டத்து ரோட்டில் இறக்கிவிடுவாள். என் வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் கேமராவோடு நிற்பார். நான் வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவர் தலையைப் பார்த்ததும் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் திரும்பாமலே கேட்டேன்.

"அக்காவைக் கேமராவுலதான் பாப்பியோ? நேர்ல பாத்தா கண்ணு தெரியாதோ?"

"தெரியாதுக்கா" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னதுபோல இருந்தது. என்ன திமிர் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். ஏழு மாதத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். கடைசியாகப் பேசியதும் அதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை என் இரண்டாவது மகன் ஓடிவந்தான். கீழ் மலை ரோட்டில் மாமா உட்கார்ந்தவாக்கிலேயே போய்விட்டார் என்றான். எந்த மாமா என்று கேட்டேன். சத்தியமாக எனக்குப் புரியவில்லை. நெஞ்சு வலி என்று டாக்டர் சொன்னார், துன்பப்படவில்லை என்றும் சொன்னார். சின்னவர் பெரியவளுக்கு முன்னால் போவதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழவும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். கோபம் தீராமல் எப்படி அழுவது?

காடாற்று முடிந்த மறுநாள் மாலதி அந்தக் கேமராவை என்னிடம் கொண்டுவந்தாள். அத்தை, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும், அப்பா சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது சொல்லலாம் என்றாள்.

தம்பிக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது எல்லோருக்கும் தெரியும். அது கண்ணைத் தின்றுவிட்டது என்பது மகளுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருடமாக. ஈப்போ கண் டாக்டர் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்றாராம். கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் முகம் தெரியாது, உருவம் அசைவது மட்டும் தெரியும். மோட்டார் சைக்கிளை விற்றது உடம்புக்கு நடை நல்லது என்பதற்காக இல்லை. தமிழ்ப் பேப்பரை நிறுத்தியது சேதி சரியில்லை என்பதற்காகவும் இல்லை. அந்தக் கேமராவில் ஒரு பொத்தானை அமுக்கினால் பார்ப்பது பெரிதாகும். வளையம் சரியான இடத்துக்கு வந்தால் உருவத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். கண்ணை ஒட்டி வைத்தால் அந்தக் கோடு அவருக்குத் தெரியும். கோடு வந்தால், எதிரே இருப்பது தெளிவாக விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

"அக்காகிட்ட சொல்லாதம்மா" என்று மாலதியிடம் சொன்னாராம். "என் தம்பிக்குக் குறையே இல்லைன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியுது. அக்கா தலை குனியக்கூடாது."

மாலதி என் விரலைப் பிடித்து லென்ஸின் மேல் வைத்தாள். வளையத்தைச் சுற்றி நூல். நூலில் மூன்று சின்ன முடிச்சு. அசையாத பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை காய்ந்து மேடாக இருந்தது. முடிச்சும் மேடும் ஒன்றாக வந்தால் அந்தத் தூரம் தெளிவு. முதல் முடிச்சு, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரும் மாலதிக்கு. இரண்டாவது, கோயில் வாசலுக்கு. மூன்றாவது எனக்கு. ரோட்டிலிருந்து என் வாசற்படி வரைக்கும். நான் பூசைக்குப் போயிருந்த ஒரு நாள், மாலதியை என் வாசற்படியில் நிற்கவைத்துத் தூரம் பிடித்து அதைக் கட்டினாராம்.

பிறகு படங்களைக் காட்டினாள். ஏழு மாதப் படமும் என் முதுகு. கொண்டை, ரவிக்கையின் தையல், கழுத்தில் ஒட்டியிருந்த வெங்காயத் தோல், ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது. என் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரைக் கட்டித் தூக்கிய முதுகு. நான் அதைத்தான் அவருக்குக் காட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு பஸ் ஸ்டேஷனில் நான் கையைத் தூக்கினேனே தவிர வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி முன்னால் சத்தம்போட்டுக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன். ஒரு தரம் 'டேய்' என்றிருந்தால் போதும். என் குரலுக்கு எங்கிருந்தாலும் திரும்புகிற பிள்ளை அது.

ஆகவே உறவுகளே, நட்புகளே, நான் உங்களிடம் சொன்னது பொய். என் தம்பி என்னை மதிக்காமல் போகவில்லை. என்னைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. ஈப்போ சம்பந்தி அம்மாள் இதைப் படிக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் அவர் மேல் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு, வண்டி வரும்வரை விலகாமல் நின்ற, தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு நேபாளப் பிள்ளைகளுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வரச்சொல்லிச் சோறு போட்டேன். ஃபேக்டரியில் கூட வேலை பார்த்தவர்கள் தோள் கொடுத்தார்கள். பழைய சாமான் கடைச் சீனப் பெரியவர் மலர்வளையத்தோடு வந்து கடைசிவரை நின்றார். சமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள், தூரத்திலிருந்து வந்தவர்கள், வரமுடியாமல் அழைத்துப் பேசியவர்கள் அனைவருக்கும் நன்றி. தகப்பனுக்குக் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றவும் தெரிந்து, எப்போது முடிக்கவேண்டும் என்றும் தெரிந்த மாலதிக்கு, அத்தை உனக்கு நன்றி சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்.

யாழினி, போதும். இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு. உன் பெரியப்பா உன்னிடம் தனியாக ஏதோ சொன்னதைப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன் என்று நான் சொன்ன இடத்தில் வேறு ஏதாவது நல்ல வார்த்தை போட்டிருக்கிறாயா? எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைக்காதே, அந்த ஒரு வரியை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். மெதுவாகப் படிம்மா. ஒன்றையும் விடாதே.