எந்தத் தோட்டத்து எண்ணெய்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டிலிருந்து நானும் என் மச்சாளும், அதாவது கணவரின் அக்காவும், ஓடருக்கு கேக், பேஸ்ட்ரி செய்து கொடுக்கிறோம். மச்சாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவார். கேக் என் பொறுப்பு, பேஸ்ட்ரி அவருடையது.

மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் தன் மகளின் பிறந்தநாளுக்கு ஓடர் தந்தாள். போகும்போது தயங்கி நின்றாள்.

"அன்ரி, பேஸ்ட்ரிக்கு பாம் ஒயில் போடுறனீங்களோ? என்ர மனுசன் அது சாப்பிடமாட்டார்."

பட்டருக்குப் பதிலாக நாங்கள் போடும் மாஜரினே பெரும்பாலும் அந்தப் பனையெண்ணெய்தான். உடம்புக்கு ஏதும் வருத்தமோ என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. அவர் மலேசியாவில எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில கிளார்க்கா இருந்தவர்."

கேக்கை எடுக்க அவள் கணவரே வந்தார். நான் கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார்.

"முதல் இருந்த தோட்டத்தில காட்டை எரிச்சுத்தான் கன்று வைச்சவை. புகையில யன்னல் திறக்கேலாது. எங்கட பாஸ்போட்டையும் வாங்கி வைச்சிட்டினம். பிறகு மாறிப் போன தோட்டம் நல்லது, காட்டில கை வைக்கமாட்டினம். மரத்தில பிழை இல்லை அன்ரி. ஆனா வாயில வைக்கேக்க எது எந்தத் தோட்டத்து எண்ணெய் எண்டு எனக்குத் தெரியாதே."

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பட்டரில் பேஸ்ட்ரி செய்து பார்ப்போம் என்றேன். மச்சாள் மனமில்லாமல்தான் மாவை விரித்தார். மடிக்க முதலே பட்டர் உருகி மேசையில் வழிந்தது.

"இந்த வெக்கையில உது நிக்காது. நான் சொன்னனான்தானே!"

பேக்கரிச் சாமான் கடையில் தேடியபோது, காட்டை அழிக்காத தோட்டங்களுக்கான முத்திரை போட்ட மாஜரின் ஒன்று கிடைத்தது. மச்சாள் பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"படம் ஆரும் கீறலாம்."

அதிலிருந்த நம்பருக்குக் கோல் எடுத்து, முத்திரை மெய்தானோ என்று கேட்டேன். இறக்குமதிக் கொம்பனியில் பேசிய பெண், இதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்றாள். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னாள். திரும்ப எடுக்கமாட்டாள் என்றே நினைத்தேன். எடுத்தாள்.

"உண்மையைச் சொல்லுறன் மிஸ். நல்ல தோட்டத்து எண்ணெயும் மற்றதும் கலந்துதான் வருது. நல்லதில எவ்வளவு வாங்கினமோ, அந்தளவு சாமானுக்குத்தான் முத்திரை போடலாம்."

எனக்கு மனம் சோர்ந்துபோனது. மச்சாள்தான் சொன்னார்:

"மறைக்காமல் சொல்லிப் போட்டாள். நாங்கள் கேட்டால்தானே நல்லதைக் கூட வாங்குவினம். இதையே எடுப்பம்."

அன்றிலிருந்து அந்த மாஜரின்தான். கேக்குக்குப் பட்டர் மட்டும். மேல்மாடிக்காரரிடம் கலவை விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். பேஸ்ட்ரியை மகளுக்கு வாங்கினார், தான் தொடவில்லை. எனக்கு அதில் குறையில்லை. அவர் சுவாசித்த புகை என் நெஞ்சுக்குள் போகவில்லையே.

முழுக்க நல்ல தோட்டத்து எண்ணெயில் செய்த மாஜரின் எப்போது வரும் என்று அந்தக் கொம்பனிக்கு இடைக்கிடை எடுத்துக் கேட்கிறேன். இப்போது அந்தப் பெண்ணுக்கு என் குரல் தெரியும்.