கொய்யா மரத்தில் கட்டிய வலை

கோவில்பதாகை என்ற ஊரைத் தாண்டி வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டுவது தள்ளிக்கொண்டே போனதால், நானும் கணவரும் கொய்யாக் கன்றுகள் வைத்தோம். நன்றாகத்தான் காய்த்தது. ஆனால் எந்தப் பழத்தைப் பறித்தாலும் ஒரு பக்கம் கிளி கொத்தியிருக்கும். நாங்கள் குடியிருக்கும் பருத்திப்பட்டில், எங்கள் அபார்ட்மெண்ட்காரர்களுக்குக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

"வலை போட்டுடலாம்" என்றேன்.

"அதுங்களும் தின்னட்டுமே. நமக்குப் போதாதா?" என்றார் கணவர்.

நான் விடவில்லை. பக்கத்து மனையில் மாடு வளர்ப்பவரும் என் பக்கம்தான் பேசினார். "கிளி கொத்திக்கினேதான்க்கா கீது. வலை போட்டாதான் உனக்குப் பழம்."

மெல்லிய நைலான் வலையை நானே வாங்கி வந்தேன். அடுத்த ஞாயிறு முழுக்க இருவரும் கட்டினோம்.

ஒரு நாள் காலை நான் மட்டும் போனபோது, வலையில் செம்போத்து ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நத்தையும் புழுவும் தேடித் திரிகிற பறவை. அது பழத்தில் வாய் வைத்து நான் பார்த்ததே இல்லை. மாட்டுக்காரர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். மடியில் வைத்து ஒவ்வோர் இழையாக வெட்டினேன். இறக்கையடியில் இழை சதைவரை இறங்கியிருந்தது. சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது. தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கையிலேயே தலை சாய்ந்துவிட்டது.

"இன்னாக்கா பண்றது. நீ வோணும்னா பண்ணே?" என்றார் அவர்.

வேண்டுமென்றுதானே கட்டினேன். அதை வேலியோரம் புதைத்துவிட்டு, வலை முழுவதையும் அறுத்து இறக்கினேன்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். 'அப்பவே சொன்னேனே' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் உள்ளங்கையில் நைலான் கிழித்த இடங்களுக்கு மருந்து மட்டும் போட்டுவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தச் செம்போத்தின் ஜோடி சில நாள் புதருக்குள்ளிருந்து கூவியது. நான் போனால் நிறுத்திவிடும். பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

இந்த மழைக்குக் கொய்யா மரங்களில் நத்தை நிறைய ஏறுகிறது. செம்போத்து இல்லாததால்தானா, தெரியாது. நத்தையைக் கொல்லும் மருந்து தூவலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாளியோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.