சாமி பல்பும் பத்தரை வோல்ட்டும்

கார் கரண்ட் வேலை பார்க்கும் என் சக பாவப்பட்டவர்களே, நம்மிடம் வருகிறவர் யாரும் வண்டிக்கு என்ன என்று கேட்பதில்லை. "பேட்டரிதான்" என்று தீர்ப்போடுதான் வருவார்.

அணையாத பல்பு

இலங்கை மலையகத்து ஹட்டனில் என் கடைக்கு யோகராஜ் அண்ணனும் அப்படித்தான் வந்தார். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் வாடகைக்கு ஓடும் ஒரே கார் அவருடையது. பாம்பு கடித்தாலும் பிள்ளை வலி வந்தாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். காலையில் கார் ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரி மாற்றியும் அதே கதை. சாவியை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தேன். எல்லாம் அணைந்திருந்தும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றியும் நிற்கவில்லை.

கடைசியில் முருகன் படத்தைச் சுற்றியிருந்த மூன்று பல்புகள் கண்ணில் பட்டன. வயர் நேராகப் பேட்டரிக்குப் போனது. ஒருமுறை கார் பள்ளத்தில் விழாமல் தேயிலைச் செடியில் தங்கியதாம், அன்றிலிருந்து அணைத்ததே இல்லையாம். ஒரு சுவிட்ச் போடலாமே என்று கெஞ்சினேன்.

"நாம தூங்கலாம் தம்பி. அவரு தூங்கிட்டா வண்டிய யாரு பாக்குறது?"

ஏறாத வோல்ட்

அடுத்த மாதம் வேறு வியாதி. இன்ஜின் ஓடும்போது பதினாலு வோல்ட் பக்கம் காட்டவேண்டிய மீட்டர் பன்னிரண்டிலிருந்து இறங்கியது. ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கார் இங்கேயே நிற்கட்டும் என்றேன். கொழுந்து பறிக்கும் சரசுக்கு மாதம் நிறைந்துவிட்டது, கார் லயத்தில் இல்லாவிட்டால் ஆகாது என்று மறுத்துவிட்டார். பேட்டரியை நிறைய சார்ஜ் ஏற்றிக் கொடுத்து, லைட்டைத் தொடாதீர்கள், மேலே ஏறுவதற்கே பாதி போய்விடும் என்று எச்சரித்தேன்.

"ஏத்தத்துக்குத்தான் தம்பி அது வேணும். வண்டி மூஞ்சிய டவுன் பக்கம் திருப்பி இறக்கத்துல நிறுத்திட்டா, தள்ளிவிட ஆளு இருக்காங்க."

வளைவுக்கு ஒருவர்

மறுநாள் மத்தியானம் சரசுக்கு வலி வந்தபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். லைட் போட்டால் இன்ஜின் நின்றுவிடும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை வைத்துவிட்டு ஓடிவந்து வளைவுக்கு ஒருவராக நின்றார்களாம். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ஆட்டி, "இந்தப் பக்கம் அண்ணே" என்று குரல் கொடுத்தார்களாம். அந்தக் குரல்களைப் பிடித்துக்கொண்டே அவர் இறங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சரசுக்குப் பெண் குழந்தை, தாயும் நலம்.

இதைச் சொல்லிக்கொண்டேதான் காரை என் கடைக்குத் தள்ளி வந்தார். மீட்டரை வைத்தேன், பத்தரை வோல்ட். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் இன்ஜின் பாதி வழியிலேயே நின்றிருக்கும். முருகன் படத்தைப் பார்த்தால் பல்புகள் எரியவில்லை, வயர் பிடுங்கிக் கிடந்தது. நான் கேட்கும் முன் அவரே சொன்னார்.

"நானேதான் புடுங்குனேன் தம்பி. வளைவுக்கு வளைவு அவரு வெளியில நிக்கிறாரு, உள்ள எதுக்கு லைட்டு?"

நான் ஒரு மாதம் கெஞ்சியும் போட முடியாத சுவிட்சை, அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே போட்டுவிட்டது.