பொட்டு வைக்காத துடைப்பம்

பெங்களூரில் சங்கமித்ரா வேலை செய்யும் ஒன்பது மாடிக் கட்டடத்தில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றன என்று மேலாளரைக் கேட்டால் விழிப்பார். சங்கமித்ராவைக் கேட்டால் சொல்வாள். நானூற்றுப் பதினாறு. தினமும் துடைப்பவள் அவள்தான். அதில் ஒன்றில்கூட அவள் உட்காரக் கூடாது. அப்படி விதி எதையும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டினால் யாராவது படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசர் ஒருமுறை பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. மதியச் சோறு கார்கள் நிற்கும் அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு. அவளுடைய அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் உட்கார்ந்து சோறு தின்றவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் இன்னும் பூமிக்கடியில்தான் தின்கிறாள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்.

ஆனால் காலையும் மாலையும் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், இடது பக்கம் மூன்றாவது சீட்டின் ஜன்னலோரம். பதினோரு வருஷமாக அது 'மித்ராக்கா சீட்'. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கி மேலே போட்டு, சம்மணமிட்டு உட்காருவாள். எதிரிலும் பக்கத்திலுமாக ஐந்தாறு பேர். கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் டிபன் டப்பாக்கள் திறந்துவிடும். யார் டப்பா யார் மடியில் என்று பங்காருப்பேட்டைக்குள் யாருக்கும் தெரியாது.

"இன்னாடி இது, இட்லியா ரப்பரா? மாலூர்ல கடிச்சேன், இன்னும் மென்னுகினே கீறேன்" என்பாள் சங்கமித்ரா.

"உனுக்குப் பல்லு போய்ச்சுக்கா. எங்க கார்மென்ட்ஸ்ல மெஷின் கீது, தெச்சுத் தரட்டுமா?" என்பாள் சரளா. அவள் தையல் கம்பெனியில் காலர் தைப்பவள்.

உஷா அழகு நிலையத்தில் வேலை. வைட்ஃபீல்ட் வருவதற்குள் யாராவது ஒருத்திக்கு ஓடுகிற ரயிலிலேயே நூலால் புருவம் திருத்திவிடுவாள். ரயில் குலுங்கினால் ஒரு புருவம் மேலேறிவிடும். அன்றைக்கெல்லாம் புருவத்துக்குச் சொந்தக்காரி எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரியே அலைய வேண்டியதுதான். மெர்சி ஆஸ்பத்திரியில் ஆயா. கோலாரில் சாம்பியன் ரீஃப் பகுதியில் சங்கமித்ராவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சுரங்கத் தொழிலாளர்களின் அதே லைன் வீட்டு வரிசையில் பிறந்து வளர்ந்தவள். சாயங்காலம் திரும்பும்போது இருவரும் சேர்ந்து கீரை ஆய்வார்கள். வீடு போய்ச் சேரும்போது குழம்புக்கு எல்லாம் தயாராக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் பெட்டிக்குத் திருவிழா. ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின வேலை நாள். கதவில் வாழைக்கன்று கட்டி, பலூன் ஊதி, சாமி படம் மாட்டி, ஒரு சீட்டைக் காலி செய்து, அதில் அவரவர் தொழில் சாமான்களை வைத்துப் பொட்டிடுவார்கள். சரளாவின் கத்திரிக்கோல், மெர்சியின் ஜுரம் பார்க்கும் கருவி, உஷாவின் நூல்கண்டு. யாரோ ஒருத்தி ரயில் சீசன் டிக்கெட்டுக்கும் பொட்டு வைப்பாள், அது இல்லாவிட்டால் தொழிலுக்கே போக முடியாதே என்று. மெர்சி வேதக்காரி, சங்கமித்ரா பௌத்தக் குடும்பம். இருவருக்கும் சாமி முக்கியமில்லை, கூத்து முக்கியம். "கும்பிடறவன் கும்பிடட்டும், நீ பொரிய வாங்கிக்க" என்று அப்பா சொல்லி வளர்த்த பெண் அவள்.

அந்தப் பொரியையே அவள்தான் செய்து கொண்டுவருவாள். சிவாஜிநகரில் பொரி வாங்கி, பூண்டு நசுக்கி, காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு, கடலையும் கொப்பரைத் துண்டும் வறுத்து, பெரிய தூக்குவாளியில். பெட்டி முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும். பக்கத்துப் பெட்டி ஆண்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டுவார்கள். "உன் ஆயுதம் எங்கக்கா, வைக்கலியா?" என்று யாராவது கேட்டால், "என் ஆயுதம் வாயி. பொட்டு வச்சா சாப்பிட முடியாதுடி" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளுடைய ஆயுதம் உண்மையில் எது என்று பத்து வருஷத்தில் ஒருத்திக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

இந்த வருஷம் தீபிகா வந்திருந்தாள். ராபர்ட்சன்பேட்டைப் பெண், எம்.ஜி. ரோட்டில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. பெட்டியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் 'டிரெயின் குயீன்ஸ்' என்று வாட்ஸப் குழு தொடங்கி, பூஜைப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. கெட்டவளாக இருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம்.

"மித்ராக்கா, இந்த வருஷம் கடலைப்பொரிய நான் பார்த்துக்கறேன். ஸ்வீட் கடையில பாக்கெட் போட்டுத் தர்றாங்க. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

"கஷ்டம் இன்னாம்மா? வருஷா வருஷம் பண்றதுதானே."

"அதுக்கில்லக்கா. பூஜைன்னா கொஞ்சம் சுத்தபத்தமா இருக்கணும்ல." தீபிகா போனில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "அப்புறம், பொட்டிய ஒரு வாட்டி நல்லா கூட்டித் தொடச்சிடணும். நீங்கதான் அதுல எக்ஸ்பர்ட். உங்க ஆபீஸ்லருந்து துடப்பம், பினாயில் கொண்டாந்துடுங்க. ஓகேவா?"

சுத்தம் போதாது என்று பொரியைப் பிடுங்கிய அதே மூச்சில், சுத்தம் செய்கிற வேலையை அதே கையில் திணித்தாள். இதில் ஒரு கோணல் இருப்பதாக அங்கே யாருக்கும் படவில்லை. ஆயிரக்கணக்கான வருஷமாகப் பழக்கிய கண்கள் அவை. சரளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மெர்சி கீரையில் இல்லாத புழுவைத் தேடினாள்.

சங்கமித்ரா சரி என்றாள். ஒரு நாள் கூட்டினால் தேய்ந்தா போவோம் என்று நினைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டால் நாளைக்கு இந்த வட்டத்தில் உட்கார முடியுமா? நானூற்றுப் பதினாறு நாற்காலிகள் இல்லாதவளுக்கு மீதி இருப்பது இந்த ஒரு ஜன்னலோரம்.

ஆபீஸ் துடைப்பத்தை எடுத்துவர முடியாது. வேலை முடிந்து போகும்போது கேட்டில் பையைத் துழாவுவார்கள், அவளைப் போன்றவர்கள் பையை மட்டும். அதனால் சிவாஜிநகரில் புதிதாக ஒரு துடைப்பம் வாங்கினாள். பழக்கதோஷத்தில் கால்கள் பொரிக் கடைப் பக்கமும் போயின. பொரியும் வாங்கினாள். அன்று ராத்திரி பூண்டும் நசுக்கினாள்.

பூஜை நாளன்று மாரிகுப்பத்துக்கே போய், ரயில் புறப்பட அரைமணி இருக்கும்போது பெட்டியில் ஏறினாள். சீட்டுக்கு அடியில் கிடந்த வேர்க்கடலைத் தோல், ஒட்டிப்போன சூயிங்கம், குழந்தை துப்பிய பிஸ்கட் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, பினாயில் போட்டுத் துடைத்தாள். மற்றவர்கள் ஏறியபோது பெட்டி பளபளவென்றிருந்தது. "சூப்பர்க்கா!" என்று தீபிகா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். தூக்கில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

பங்காருப்பேட்டையில் ரயில் சற்று அதிக நேரம் நிற்கும். பிளாட்பாரத்தில் பூசணிக்காய் உடைத்தார்கள். என்ஜின் டிரைவருக்கு மாலை போட்டார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். உள்ளே சீட்டின் மேல் சிவப்புத் துணி விரித்து, தீபிகா தன் லாப்டாப்பை நடுவில் வைத்தாள். கத்திரிக்கோல் வந்தது, நூல்கண்டு வந்தது, சீசன் டிக்கெட் வந்தது.

"எல்லாரும் வச்சாச்சா? யாராச்சும் பாக்கியா?" என்று உஷா குங்குமக் கிண்ணத்தோடு கூவினாள்.

"இரு இரு, நான் பாக்கி" என்றாள் சங்கமித்ரா. கதவோரம் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்து, லாப்டாப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். "இந்த வருஷம் என் ஆயுதமும் வந்துகீது. வைடி பொட்டு."

விளையாட்டாகத்தான் வைத்தாள். பதினோரு வருஷம் ஒன்றாகச் சிரித்தவர்கள், இதற்கும் சிரிப்பார்கள் என்று நம்பினாள். அவள் செய்த தப்பு அதுதான்.

யாரும் சிரிக்கவில்லை. உஷாவின் குங்கும விரல் காற்றில் நின்றது.

"ஐயய்யோ, இன்னாக்கா இது! சாமி முன்னாடி துடப்பத்தையா வைப்பாங்க?" என்றாள் சரளா.

"ஏன், உன் கத்திரிக்கோல் வேல செய்யுது, வச்சிகீற. இதுவும் வேல செய்யுது."

"அக்கா, ப்ளீஸ்" என்றாள் தீபிகா குரலைத் தாழ்த்தி. "அது அழுக்குக்கா."

"நேத்து வாங்கினதும்மா. இந்தப் பொட்டியத் தவிர வேற எந்தத் தரையும் தொடல. அழுக்குன்னா உங்க அழுக்குதான் அதுல கீது."

புருவ முடி பிடுங்கும் நூலுக்குத் தெய்வாம்சம் உண்டு. வட்டி போட்டு ஊர்க்காரர்களின் கழுத்தைப் பிடிக்கும் லாப்டாப்புக்கு உண்டு. அந்தத் தெய்வம் வந்து உட்காருவதற்கு இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுத்த தென்னங்குச்சிக்கு இல்லை. யார் தொடலாம், எது தீட்டு என்கிற பட்டியலை எந்தச் சாமியும் எழுதியதில்லை. எழுதியவர்கள் மனிதர்கள், அதைக் காப்பாற்றுகிறவர்களும் மனிதர்கள். அதிலும் கொடுமை, அந்தப் பட்டியலில் தாங்களும் மேல்படியில் இல்லாதவர்கள்.

சங்கமித்ரா மெர்சியைப் பார்த்தாள். அந்தப் பெட்டியில் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். 'வைங்களேன், இன்னா இப்போ' என்று மெர்சி சொல்லியிருந்தால் போதும். மெர்சி குனிந்து, துடைப்பத்தைக் கூட்டும் பக்கம் தொடாமல் பிடியின் ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, கக்கூஸ் கதவுப் பக்கம் சாய்த்துவிட்டு வந்தாள். புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"வுடுக்கா. ஒரு நாள் கூத்து. அவங்க மனசு நோவக் கூடாது" என்றாள்.

"யார் மனசு, மெர்சி?"

கற்பூரம் ஏற்றினார்கள்.

ஆபீஸிலும் அன்றைக்குப் பூஜை. லிஃப்டுக்குக்கூட மாலை போட்டிருந்தார்கள். ஒன்பது மாடியிலும் பூவையும் பூசணித் துண்டுகளையும் பொறுக்கி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. துடைப்பத்தையும் தூக்கையும் காலையிலேயே கேட் வாட்ச்மேன் முனியப்பனிடம் கொடுத்து வைத்திருந்தாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அதே பெட்டி. யாரும் கூட்டவில்லை. தரையெல்லாம் நமுத்த பொரி, நசுங்கிய சாமந்தி, வெடித்த பலூன், குங்குமம், கிழிந்த பாக்கெட்டுகள். நடந்தால் நொறுநொறுவென்றது. அவளுடைய ஜன்னலோரத்தை விட்டுத்தான் வைத்திருந்தார்கள். அவர்களுடைய கண்கள் அவள் முகத்துக்கு வந்து, கையிலிருந்த துடைப்பத்துக்குப் போய், அங்கிருந்து தரைக்கு இறங்கின. கூட்டு என்று வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாக ஒருவரும் நினைக்கவில்லை.

சங்கமித்ரா செருப்பைக் கழற்றினாள். காலைத் தூக்கி மேலே போட்டுச் சம்மணமிட்டாள். துடைப்பத்தை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, அதன் மேல் தூக்கை வைத்துத் திறந்தாள். பூண்டும் மிளகாயும் பெட்டி முழுக்க எழுந்தன. காலையிலிருந்து யாரும் திறக்காததால் பொரி இன்னும் மொறுமொறுப்பாகவே இருந்தது.

கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் மெர்சி மெல்லக் கையை நீட்டினாள். "குடுக்கா. எவ்வளவு நேரம் இப்படியே கீறது."

சங்கமித்ரா அந்தக் கையைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகத் தெரிந்த கை. தூக்கை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மடியிலிருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். "மொதல்ல இத்தப் புடி. உங்காலடியில மட்டும் கூட்டு. அப்புறம் தூக்கோட எடுத்துக்க."

மெர்சியின் கை அப்படியே நின்றது. சரளாவைப் பார்த்தாள், தீபிகாவைப் பார்த்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

சங்கமித்ரா ஒவ்வொரு பிடியாக அள்ளித் தின்றாள். மாலூர் போயிற்று, பங்காருப்பேட்டை போயிற்று. காரம் தொண்டையைப் பிடித்தபோது தண்ணீர் குடித்தாள். கண்ணில் வந்ததற்கும் காரத்தையே காரணமாக வைத்துக்கொண்டாள். அன்று இருவர் மடியிலும் கீரை இல்லை.

சாம்பியன் ஸ்டேஷனில் இறங்கும்போது தூக்கு காலியாக இருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். தரையை அப்படியே விட்டாள்.