எனக்கு இரண்டு கைதான்

விடுதித் தோழிகளே, மன்னியுங்கள். நம் சுற்றுக் கடிதத்தில் என் முறை வரும்வரை காத்திருக்காமல் எழுதுகிறேன்.

இன்று காலை கைக்குழந்தைக்கு ஊசி போட, மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். அவருக்கு வெளியூரில் வேலை. இடுப்பில் குழந்தை, முந்தானையைப் பிடித்தபடி மூத்த பையன்கள் இருவர். உட்கார இடமில்லை.

காலிக் கூடையுடன் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கை நீட்டினார்.

"கொயந்தைய குடும்மா."

"பரவாயில்லைங்க, நானே வச்சுக்கிறேன்."

அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "எங்க கோயிலு ஆத்தாவுக்கே எட்டு கை கீது. உனுக்கு ரெண்டுதான? பேஜார் பண்ணாத, குடு."

பஸ்ஸே சிரித்தது. கொடுத்தேன். குழந்தை உடனே தூங்கிவிட்டாள்.

முன் சீட்டிலிருந்து எங்கள் சபை அக்கா ஒருவர் திரும்பினார். "நம்ம சபையிலேயே மொத பி.ஏ. நீ. கண்டவங்க மடியில புள்ளைய போடலாமா? ஜெபம் பண்ணா பெலன் வராதா?"

வகுப்பில் எழுந்து நின்றாலே எனக்கு வியர்க்கும், தெரியுமே. இன்று வியர்க்கவில்லை.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் குடுத்தேன்க்கா. உங்க மடியும் சும்மாத்தான இருக்கு? இவனைப் பிடிங்க."

பிடித்துக்கொண்டார்!

அந்தத் துணிச்சல் போவதற்குள் உங்களிடமும் கேட்டுவிடுகிறேன். போன மூன்று கடிதங்களிலும் 'கர்த்தர் கிருபையால் சௌக்கியம்' என்று எழுதியது பொய். நான் தலைவாரி நாலு நாள் ஆகிறது. பெரிய விடுமுறையில் ஒருத்தி ஒரு வாரம் வந்து என்னோடு இருக்க வேண்டும். விருந்தாளியாக அல்ல, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள.

யார் வருகிறீர்கள்?